பம்புக் கொட்டகைக்கு வரப்போகும் குளோரின் உணரி: தோட்ட நிர்வாகத்துக்கும் குடிநீர்க் குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தோட்ட நிர்வாகி அவர்களுக்கும், தோட்டக் குடிநீர்க் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் மாரியம்மன் ஆலய மண்டபத்தில் நடைபெற்ற கூட்டத்தில், மேட்டுத் தொட்டியிலிருந்து தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு இறங்கும் தண்ணீரில் குளோரின் எவ்வளவு இருக்கிறது என்பதை இரவும் பகலும் காட்டக்கூடிய ஓர் உணரியைப் பம்புக் கொட்டகையில் பொருத்த முடிவாகியிருப்பதாக அறிவித்தீர்கள். நான்கு விலைப்புள்ளிகள் வந்திருக்கின்றன என்றும், அவற்றுள் பராமரிப்பு வேலை மிகக் குறைவாக உள்ள கருவியே தேர்ந்தெடுக்கப்படும் என்றும் கூறினீர்கள். இந்தத் தோட்டத்தின் கீழ் லயத்தில் பிறந்து, பின்னர் வேறொரு மாவட்டத்தின் நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் 27 ஆண்டுகள் வேலை பார்த்து, ஓய்வு பெற்றுச் சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பியவன் நான். கொள்முதல் ஆணையில் கையெழுத்து இடப்படுவதற்கு முன்பாகச் சிலவற்றைத் தங்கள் முன் வைக்க விரும்புகிறேன். கூட்டத்தில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய செய்தியாக இது இல்லை என்பதாலும், இந்தத் தண்ணீரைக் குடிக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் இதைப் படித்துக் கருத்துச் சொல்லும் உரிமை உண்டு என்பதாலும் இதனைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

தொழிலாளர் குடியிருப்புக்குப் போதுமான குடிநீரை இலவசமாக வழங்குவது முதலாளியின் கடமை என்று மலேசியாவின் 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் சொல்கிறது. அந்தத் தண்ணீர் குழாயில் வந்துவிட்டால் போதும் என்று நில்லாமல், அதன் தூய்மையை ஒவ்வொரு நிமிடமும் அறிய வேண்டும் என்று நிர்வாகம் நினைத்ததற்கு என் நன்றியை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். என் கவலையெல்லாம் அந்த நல்ல முடிவு, "பராமரிப்பு குறைவு" என்ற இரண்டு சொற்களைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வீணாகிவிடக் கூடாதே என்பதுதான்.

நாம் எதை அளக்கப்போகிறோம் என்பதிலிருந்து தொடங்குகிறேன். மலேசியாவின் தேசியக் குடிநீர்த் தர அளவுகோல், குடிநீரில் எஞ்சியிருக்க வேண்டிய தனித்த குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமலும் 5 மில்லிகிராமைத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்கிறது. உலகச் சுகாதார நிறுவனம், நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்ணான பிஎச் 8க்குக் கீழ் இருக்கும் நிலையில், குளோரின் கலந்து குறைந்தது 30 நிமிடம் கழிந்த பிறகு 0.5 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்றும், கடைசிக் குழாயிலும் 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. ஆகவே நாம் வாங்கும் கருவி 0.2, 0.5 போன்ற சிறிய எண்களை நம்பத்தக்க வகையில் பிரித்துக் காட்ட வேண்டும். நீச்சல் குளத்துக்குப் போதுமான கருவி இந்த வேலைக்குப் போதுமானது என்று சொல்லிவிட முடியாது.

தண்ணீரில் கரைந்த குளோரின் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம். மற்றொன்று அதிலிருந்து பிரியும் ஹைப்போகுளோரைட் அயனி. இரண்டையும் சேர்த்தே தனித்த குளோரின் என்கிறோம். ஆனால் கிருமியைக் கொல்லும் வலிமை முதலாவதற்கே மிகுதி. இவ்விரண்டின் பங்கையும் முடிவு செய்வது பிஎச். 7இல் ஏறத்தாழ முக்கால் பங்கு அமிலமாக இருக்கும், 7.5 அளவில் சரிபாதி. 8க்கு ஏறினால் ஏறத்தாழ கால் பங்குதான் மிஞ்சும். இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சந்தையில் உள்ள பல உணரிகள் அமில வடிவத்தை மட்டுமே உணர்கின்றன. நம் பம்புக் கொட்டகையிலோ மழைக்குப் பின் படிகாரத்தையும் சுண்ணாம்பையும் கூட்டிக் குறைத்துப் போடுவதால், காலையில் 6.8 ஆக இருந்த பிஎச் மாலையில் 7.8 ஆகிவிடுவது அரிதான செய்தி இல்லை. குளோரின் சிறிதும் குறையாத நிலையிலும் இத்தகைய உணரி பாதிக்கும் குறைந்துவிட்டதாகக் காட்டும்; அதை நம்பிக் காவலில் இருப்பவர் குளோரினைக் கூட்டுவார்.

வந்திருக்கும் நான்கு விலைப்புள்ளிகளையும் குழு உறுப்பினர் ஒருவர் எனக்குக் காட்டினார். அவற்றுள் மிகவும் விலை குறைந்தது ஆக்சிஜனேற்ற ஒடுக்க மின்னழுத்தத்தை மில்லிவோல்ட்டில் காட்டும் கருவி. இதில் சவ்வும் இல்லை, மருந்தும் இல்லை. ஒரு பிளாட்டின முனையும் ஓர் ஒப்பீட்டு முனையும்தான். பராமரிப்பு குறைவு என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் இதுவே வெற்றி பெறும். ஆனால் இது குளோரினை அளப்பதில்லை. நீரின் ஒட்டுமொத்த ஆக்சிஜனேற்றும் போக்கையே காட்டுகிறது. அந்த எண்ணும் குளோரினுக்கு நேர் விகிதத்தில் நகர்வதில்லை. கோட்பாட்டின்படி, ஹைப்போகுளோரஸ் அமிலம் இரண்டு மடங்கானாலும் மின்னழுத்தம் 9 மில்லிவோல்ட் அளவே ஏறும். பிஎச் சற்று நகர்ந்தாலோ, பிளாட்டினத்தின் மேல் மெல்லிய படலம் ஒட்டினாலோ அதைவிடப் பெரிய மாற்றம் வந்துவிடும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்கிறதா, 0.4 இருக்கிறதா என்ற கேள்விக்கு இதனிடம் பதில் கிடையாது. நீச்சல் குளத்தில் குளோரின் அடியோடு தீர்ந்துவிட்டதா என்று எச்சரிக்க இது உதவும். குழந்தைகள் குடிக்கும் தண்ணீருக்கு இதை மட்டும் நம்ப வேண்டாம் என்று தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

விலை கூடியது, டிபிடி என்னும் சோதனை மருந்தைத் தானே கலந்து நிறத்தைப் படிக்கும் கருவி. 1957இல் இங்கிலாந்தைச் சேர்ந்த பாலின் என்பவர் வெளியிட்ட டிபிடி முறையையே உலகெங்கும் இன்று வரை நம்புகிறார்கள். தண்ணீரில் குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும், நிறத்தின் ஆழமே அளவு. மருந்தோடு பிஎச்சை நிலைநிறுத்தும் கரைசலும் சேர்வதால் நான் மேலே சொன்ன பிஎச் சிக்கல் இதற்கு இல்லை. பல நாள் குளோரின் இல்லாமல் கிடந்தாலும் இது கெட்டுப்போவதில்லை. பெரிய நிலையத்தில் நாங்கள் இதைத்தான் வைத்திருந்தோம், நல்ல கருவி. ஆனால் ஏறத்தாழ மாதத்துக்கு ஒரு முறை மருந்துக் குப்பிகளை மாற்ற வேண்டும். மெல்லிய குழாய்களையும் நிறம் பார்க்கும் கண்ணாடிக் கலத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். மருந்து கலந்த கழிவு நீரைத் தொட்டிக்குத் திருப்பிவிடக் கூடாது. ஈப்போவிலிருந்து மருந்து வந்து சேர ஒரு வாரம் தாமதமானால் அந்த ஒரு வாரம் கருவி வெறும் பெட்டியாக நிற்கும். ஒரே ஒரு பம்புக்காரர் இருக்கும் நம் தோட்டத்துக்கு இது சுமை.

மூன்றாவது, சவ்வில்லாத திறந்த மின்முனை உணரி. பொன் அல்லது பிளாட்டின முனை நேரடியாகத் தண்ணீரைத் தொட்டு நிற்கும். அதன்மேல் படிவதைச் சிறு மணிகளோ சுழலும் தூரிகையோ தேய்த்துக்கொண்டே இருக்கும். மாற்ற வேண்டிய சவ்வு இல்லை என்பதை விற்பனையாளர் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார். நம் தண்ணீருக்கு இது பொருந்தாது என்பது என் கருத்து. நம்முடையது மலையோடைத் தண்ணீர். உப்பு மிகக் குறைந்த மென்னீர். இத்தகைய உணரிகளின் அளவு நீரின் மின்கடத்துத் திறனையும் ஓட்டத்தின் வேகத்தையும் சார்ந்து நிற்பது. மழைக்கு முன்னும் பின்னும் இரண்டுமே மாறும் இடத்தில் எண்ணும் சேர்ந்து அலையும். அதோடு செம்மண்ணிலிருந்து வரும் இரும்பும் மாங்கனீசும் குளோரினோடு சேர்ந்து பழுப்புப் படிவாக மாறி முனையில் ஒட்டும். மணிகள் அதை ஓரளவு தேய்க்கும்; முழுவதும் தேய்க்கும் என்று உறுதி கூற என்னால் முடியாது.

நான் பரிந்துரைப்பது நான்காவது விலைப்புள்ளியில் உள்ள சவ்வு வகை மின்னோட்ட உணரி. ஆனால் எந்த நிபந்தனைகளோடு என்பதே முக்கியம் என்பதால் இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதி வேண்டுகிறேன்.

இந்த உணரியின் நுனியில் மெல்லிய சவ்வு ஒன்று மூடியோடு பொருந்தியிருக்கும்; உள்ளே மின்பகு கரைசலும் மின்முனைகளும் இருக்கும். தண்ணீரிலுள்ள குளோரின் சவ்வின் வழியே ஊடுருவிச் சென்று மின்முனையில் வினைபுரியும்போது எழும் மிகச் சிறிய மின்னோட்டமே அளவாக வெளிப்படுகிறது. சவ்வு நடுவே நிற்பதால் நீரின் மின்கடத்துத் திறன் இதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. கரைசலை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும், சவ்வு மூடியை ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு முறையும் மாற்ற வேண்டியிருக்கும். கலங்கல் மிகுந்த தண்ணீரில் அதற்கு முன்பாகவே மாற்ற நேரலாம். பழகிய கைக்கு இது அரை மணி நேர வேலை. தண்ணீரில் எதையும் கலக்காத கருவி என்பதால், உணரியைத் தொட்டுச் செல்லும் நீரை வீணாக்கத் தேவையில்லை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையின் காய்கறித் தோட்டத்துக்குத் திருப்பிவிடலாம்.

சவ்வு உணரிகளிலும் இரண்டு வகை உண்டு. ஒரு வகை அமில வடிவத்தை மட்டும் உணரும். அதனுடன் பிஎச் கண்ணாடி முனை ஒன்றையும் பொருத்தி, இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டுத் தனித்த குளோரினைக் காட்டுவார்கள். விலைப்பட்டியலில் குளோரின் உணரிக்குப் பராமரிப்பு குறைவு என்று எழுதியிருக்கும். பக்கத்தில் நிற்கும் பிஎச் முனையை அடிக்கடி சுத்தம் செய்து, தெரிந்த கரைசல்களில் வைத்துத் திருத்த வேண்டும் என்பதும், அது சில ஆண்டுகளில் தேய்ந்து மாற்றப்பட வேண்டியது என்பதும் பின்பக்கத்தில் இருக்கும். பிஎச் முனை பிசகினால் குளோரின் எண்ணும் பிசகிவிடும். இன்னொரு வகையில், சவ்வின் தன்மையும் உள்ளிருக்கும் கரைசலின் அமிலத் தன்மையும் சேர்ந்து இரண்டு வடிவங்களையும் ஏறக்குறைய ஒன்றாகவே படிக்கச் செய்கின்றன. பிஎச் ஓரளவு ஏறி இறங்கினாலும் எண் பெரிதாக மாறுவதில்லை. நம் தண்ணீருக்கு இந்த இரண்டாம் வகையே ஏற்றது. நான்காவது விலைப்புள்ளியில் எந்த வகை என்று தெளிவாகக் குறிப்பிடப்படவில்லை. அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாம் வகைக்கும் ஒரு குறை இருக்கிறது. தண்ணீரில் அமோனியா இருந்தால் குளோரின் அதோடு சேர்ந்து குளோரமைன் என்னும் கூட்டுக் குளோரினாக மாறும். கிருமியைக் கொல்வதில் அது மிகவும் மெதுவானது. இந்த உணரிகள் அதையும் ஓரளவுக்குத் தனித்த குளோரின் போலவே படித்துவிடக் கூடும். நம் ஓடை செம்பனைக் காட்டின் ஓரமாகத்தான் இறங்கி வருகிறது. அம்மோனியம் சல்பேட் உரம் போட்ட மறுநாள் பெருமழை பெய்தால் என்ன கரைந்து வரும் என்பதைத் தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை. 2019 ஏப்ரலில் ஜொகூர் ஆற்றில் அமோனியா மிகுந்ததால் பெரிய சுத்திகரிப்பு நிலையங்களே நீர் எடுப்பதை நிறுத்த நேர்ந்ததை நினைவூட்டுகிறேன். ஆகவே, உரம் போடும் வாரங்களில் தனித்த குளோரினையும் மொத்தக் குளோரினையும் கையால் தனித்தனியே சோதிக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் கூட்டுக் குளோரின்.

இனி நான் மிகவும் அஞ்சும் செய்தியைச் சொல்கிறேன். விற்பனையாளர் ஒருவர், உணரியை, தண்ணீரில் குளோரினைச் செலுத்தும் மருந்துப் பம்போடு இணைத்துவிட்டால் குளோரின் குறையும்போது பம்பு தானாகவே கூட்டிக்கொள்ளும், ஆள் தேவையே இல்லை என்று கூட்டத்தில் கூறினார். கேட்பதற்கு இனிமையாக இருந்தது; பலர் தலையாட்டினார்கள். எனக்கு என் பழைய பணியிடத்தில் ஒரு விடியற்காலை நடந்தது நினைவுக்கு வந்தது.

சவ்வு உணரிக்கு ஓடும் தண்ணீர் வேண்டும். பல கருவிகளுக்கு மணிக்கு ஏறத்தாழ 30 லிட்டர், மாறாத ஓட்டமாக, குமிழி இல்லாமல் வர வேண்டும். ஓட்டம் நின்றால் சவ்வருகே இருக்கும் குளோரினை உணரியே தின்று தீர்த்துவிடும். எண் படிப்படியாகப் பூச்சியத்தை நோக்கி இறங்கும். தொட்டியில் குளோரின் நிறைந்திருந்தாலும் கருவி "இல்லை" என்றுதான் சொல்லும். அன்றிரவு எங்கள் நிலையத்தில் மாதிரி நீர் வரும் சிறு குழாய் சேற்றால் அடைத்துக்கொண்டது. எண் இறங்கியது. தானியங்கி மருந்தைக் கூட்டியது, எண் ஏறவில்லை, மேலும் கூட்டியது. ஐந்து மணிக்கு நான் பணிக்கு வந்தபோது வாசலிலேயே மூக்கில் ஏறிய நெடியை இன்றும் மறக்கவில்லை. உடன் பணியாற்றிய ஒருவர் கையால் டிபிடி சோதனை செய்து, நிறமே வரவில்லை, குளோரின் இல்லை என்றார். குளோரின் அளவுக்கு மீறினால் இளஞ்சிவப்பு நிறத்தையே வெளுத்துவிடும் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. மாதிரியைக் குளோரின் இல்லாத நீரால் பத்து மடங்கு நீர்த்து மறுபடி சோதித்த பிறகே உண்மை தெரிந்தது. நல்வேளையாக வெளியேறும் வால்வை உடனே மூடிவிட்டோம்; அந்தத் தண்ணீர் எவர் வீட்டுக்கும் போகவில்லை. நம் தோட்டத்தில் மேட்டுத் தொட்டிக்கும் முதல் லயத்துக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு குழாய். விடியற்காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் தேநீருக்குத் தண்ணீர் பிடிக்கும் வேளையில் அதை மூட யார் அங்கே இருக்கப்போகிறார்கள்?

எனவே, முதல் ஓராண்டுக்காவது இந்த உணரியை மருந்துப் பம்போடு இணைக்க வேண்டாம் என்று பணிவோடும் உறுதியோடும் கேட்டுக்கொள்கிறேன். எண்ணைக் காட்டட்டும்; 0.5க்குக் கீழே இறங்கினாலும், நாம் குறிக்கும் மேல் எல்லையைத் தாண்டினாலும், மாதிரி நீரின் ஓட்டம் நின்றாலும் பம்புக்காரரின் கைப்பேசிக்கும் குழுத் தலைவரின் கைப்பேசிக்கும் செய்தி அனுப்பட்டும். இந்த மூன்றாவது எச்சரிக்கைக்கு ஓட்டத்தைக் கண்காணிக்கும் ஒரு சிறு விசை தேவை. நான்கு விலைப்புள்ளிகளில் ஒன்றில் மட்டுமே அது சேர்க்கப்பட்டிருக்கிறது. அதைச் சேர்க்காமல் எந்தக் கருவியையும் வாங்காதீர்கள்.

ஓட்டம் நிற்காமல் இருக்க நம்மிடம் இயல்பாகவே ஒரு வசதி இருக்கிறது. ஓடையிலிருந்து நீரேற்றும் பம்பு இரவில் நிற்கும், மின்சாரம் போனாலும் நிற்கும். ஆனால் மேட்டுத் தொட்டியிலிருந்து இறங்கும் நீர் நிற்காது. மாதிரி நீரைப் பம்பின் குழாயிலிருந்து எடுக்காமல், தொட்டியின் வெளியேற்றுக் குழாயிலிருந்து தனிக் குழாயில் தாழ்வாக இறக்கினால் புவியீர்ப்பே ஓட்டத்தைப் பார்த்துக்கொள்ளும். குளோரின் கலந்து போதிய நேரம் கழிந்த தண்ணீர் என்பதால் அளவும் பொருளுள்ளதாக இருக்கும். அந்தக் குழாய் குட்டையானதாக, வெயில் ஊடுருவாத கறுப்பு நிறத்ததாக இருக்க வேண்டும். ஒளி பட்டால் பாசி பிடிக்கும். குழாய் நீண்டால் உள்சுவரில் படியும் வழுவழுப்பே குளோரினைத் தின்றுவிடும். பிறகு உணரி நல்ல எண்ணைத் தவறான தண்ணீரிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கும். உணரிக்கு முன்னால் எளிதில் கழற்றிக் கழுவத்தக்க ஒரு வடிகட்டியும் வேண்டும். அந்தச் சேற்று இரவில் எங்களிடம் அது இல்லை.

மின்னல் பற்றி ஒரு வார்த்தை. மாலை இடி இறங்கும் மாதங்களில் நம் பக்கத்தில் எத்தனை மின்கருவிகள் கருகுகின்றன என்பதை அறிவோம். மின்னதிர்வுக் காப்பும் நல்ல நில இணைப்பும் இல்லாமல் பம்புக் கொட்டகையில் எதையும் மாட்ட வேண்டாம்.

சவ்வு உணரி குளோரின் இல்லாத தண்ணீரில் நெடுநாள் கிடந்தால் மந்தமாகிவிடும். சவ்வின் மேல் உயிர்ப்படலம் வளரும். மருந்து தீர்ந்து இரண்டு மூன்று நாள் குளோரின் போடாமல் விடுவது முன்பு நடந்திருக்கிறது. இனி அப்படி விட்டால் தண்ணீரோடு கருவியும் கெடும். சவ்வு காய்ந்துவிடவும் கூடாது. தொட்டி கழுவும் நாளில் உணரியை வெறும் காற்றில் தொங்கவிடாமல் நீர் நிறைந்த மூடிக்குள் வைக்க வேண்டும். புதிய சவ்வைப் பொருத்திய பின் எண் நிலைபெறச் சில மணி நேரம், சில வேளை ஒரு நாள் ஆகும். அதற்குள் திருத்தம் செய்தால் தவறான எண்ணுக்குத்தான் திருத்துவோம்.

எந்த உணரியும் தானாக உண்மையை அறியாது; கையால் செய்யும் டிபிடி சோதனையோடு ஒப்பிட்டே அதைத் திருத்த வேண்டும். ஆகையால் உணரிக்கு முன்பாக வாங்க வேண்டியது, நிறத்தை எண்ணாகப் படிக்கும் கையடக்க டிபிடி அளவி. பம்புக் கொட்டகை அலமாரியில் இன்னும் மஞ்சள் நிறம் காட்டும் ஆர்த்தோடொலிடின் குப்பி இருப்பதைப் பார்த்தேன். உடல்நலத்துக்குத் தீங்கானது என்ற ஐயத்தாலும், தனித்த குளோரினையும் கூட்டுக் குளோரினையும் ஒழுங்காகப் பிரித்துக் காட்டாததாலும் அது எப்போதோ கைவிடப்பட்ட முறை. அதை அகற்றிவிடுங்கள். டிபிடியில் ஒன்றாம் எண் மாத்திரை தனித்த குளோரினையும், மூன்றாம் எண் மாத்திரையைச் சேர்த்தால் மொத்தக் குளோரினையும் காட்டும். தனித்த குளோரினை ஒரு நிமிடத்துக்குள் படித்துவிட வேண்டும். தாமதித்தால் கூட்டுக் குளோரினும் நிறத்தில் சேர்ந்துவிடும். மாதிரியைக் குப்பியில் பிடித்து அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கக் கூடாது. வழியிலேயே குளோரின் குறையும். ஆக்சிஜனேற்றம் பெற்ற மாங்கனீசும் டிபிடியில் இளஞ்சிவப்பைத் தரும் என்பதால், குளோரின் எஞ்சியிருக்க வாய்ப்பில்லாத மாதிரியிலும் நிறம் தெரிந்தால் கையளவியின் எண்ணையும் ஐயத்தோடு பார்க்க வேண்டும்.

வாரம் ஒரு முறை உணரியின் எண்ணையும் கையளவியின் எண்ணையும் ஒரே வேளையில், ஒரே தண்ணீரில் பார்த்து ஒரு புத்தகத்தில் எழுதி வைப்பது பதினைந்து நிமிட வேலை. சிறு வேறுபாட்டுக்கெல்லாம் உடனே திருத்தக் கூடாது. மறுபடி ஒரு மாதிரி எடுத்துப் பார்த்து, வேறுபாடு நிலையாக இருந்தால் மட்டுமே திருத்த வேண்டும். இந்தப் பதினைந்து நிமிடத்தைத் தவிர்த்துவிடலாம் என்று எந்த விற்பனையாளர் சொன்னாலும் அவரிடம் வாங்காதீர்கள். அதே நாளில் கீழ் லயத்தின் கடைசி வீட்டுக் குழாயிலும் ஒரு மாதிரி எடுக்க வேண்டும். தொட்டியடியில் 0.8 இருந்தாலும் பழைய இரும்புக் குழாய்களில் சுற்றி அங்கே போய்ச் சேரும்போது 0.2 இருக்கிறதா என்பதை மேலே நிற்கும் உணரியால் சொல்ல முடியாது. என் தம்பி குடும்பம் அந்தக் கடைசி வீடுகளில் ஒன்றில் இருக்கிறது. அவர்கள் வீட்டுக் குழாயில் சோதிக்கத் தடை ஏதும் இல்லை.

இதற்கெல்லாம் ஆள் வேண்டும். இப்போதிருக்கும் பம்புக்காரர் பொறுப்பானவர். ஓடைக்கும் தொட்டிக்கும் நடுவே நாள் முழுவதும் நடக்கிறவர். அவருக்கும், அவர் விடுப்பில் இருக்கும்போது பொறுப்பேற்கும் இன்னொருவருக்கும், சவ்வு மாற்றுவதையும் கரைசல் நிரப்புவதையும் விற்பனையாளர் தமிழிலோ மலாயிலோ நேரில் செய்து காட்ட வேண்டும். அதன் பிறகு அவர்கள் இருவரும் தாங்களாகவே ஒரு முறை செய்து காட்டிய பின்பே பணத்தின் கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டும். இரண்டு மாற்றுச் சவ்வு மூடிகளும் ஒரு குப்பிக் கரைசலும் தொடக்கத்திலேயே கையில் இருக்க வேண்டும். விலையை ஒப்பிடும்போது கருவியின் விலையை மட்டும் பார்க்காமல், ஐந்தாண்டுக்குத் தேவைப்படும் சவ்வு, கரைசல், மாத்திரை அனைத்தையும் சேர்த்து ஒவ்வொருவரிடமும் எழுத்தில் வாங்குங்கள். அப்போது மலிவானது எது என்ற வரிசை மாறக்கூடும்.

இவை அனைத்துக்கும் முன்பாக நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான்: கொள்முதல் ஆணையை நான்கு வாரம் தள்ளிவையுங்கள். அந்த நான்கு வாரத்தில் நாள்தோறும் காலையிலும் மாலையிலும், பெருமழைக்குப் பின் கூடுதலாக ஒரு முறையும், தொட்டியடி நீரின் பிஎச், தனித்த குளோரின், மொத்தக் குளோரின், கலங்கல் ஆகியவற்றை அளந்து எழுதுவோம்; இரும்புக்கும் மாங்கனீசுக்கும் அமோனியாவுக்கும் ஓரிரு மாதிரிகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவோம். பிஎச் எவ்வளவு அலைகிறது என்பதையும், கூட்டுக் குளோரின் வருகிறதா என்பதையும் அந்தப் புத்தகமே காட்டிவிடும். என் பரிந்துரை தவறு என்று அந்த எண்கள் காட்டினால் நான் அதை மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்வேன். அமோனியா அடிக்கடி வருவதாகத் தெரிந்தால், சுமையாக இருந்தாலும் டிபிடி கருவியே சரி என்று நானே எழுதித் தருவேன்.

என்னிடம் கையடக்க டிபிடி அளவி ஒன்றும் போதிய மாத்திரைகளும் இருக்கின்றன. தோட்டம் தனக்கென ஒன்றை வாங்கும் வரை அதைப் பம்புக் கொட்டகையிலேயே வைத்துவிடுகிறேன். தங்கள் அனுமதி கிடைத்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அங்கே வந்து, பம்புக்காரருக்கும் விருப்பமுள்ள லயத்து இளைஞர்களுக்கும் சோதனை முறையைக் காட்டி, புத்தகத்தின் முதல் வரியை அவர்களோடு சேர்ந்து எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
கீழ் லயத்தில் பிறந்தவன்,
ஓய்வுபெற்ற நீர் சுத்திகரிப்பு நிலையப் பணியாளன்,
சுங்கை சிப்புட், பேராக்.